ஒட்டுக் குழாயும் தண்ணி லாரியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் போன் செய்து, "ஜீப்பை மாத்தி அமைக்கிறதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுப்பா, பசங்களுக்கு அதுல பைத்தியம்" என்றார். எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. அது தெளிந்த கதையைச் சொல்கிறேன்.

2012ல் இங்கே மெக்கானிக்கல் முடித்து, வேலையில் காலூன்றியதும் நாலு சக்கரமும் இழுக்கும் பழைய டீசல் ஜீப் ஒன்று வாங்கினேன். குடியிருப்பது மந்தைவெளி. அங்கே காடேது, மலையேது? மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய பள்ளங்கள்தான் நான் கண்ட கரடுமுரடு. ஆனாலும் முன்னால் கனத்த இரும்புக் கம்பி பம்பர், கூரையில் விளக்கு வரிசை, பெரிய டயர், பானெட் ஓரமாகக் கூரை வரை ஏறும் கறுப்புக் குழாய் எல்லாம் மாட்டினேன். அந்தக் குழாய்க்குப் பெயர் ஸ்நார்க்கல். இன்ஜின் சுவாசிக்கும் மூக்கைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைப்பது அதன் வேலை. "எதுக்குடா இந்தத் தும்பிக்கை?" என்று அப்பா கேட்டார். "வெள்ளத்துக்குப்பா" என்றேன். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர் என்பதால் அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கீழ் வீட்டு மாமாவுக்கு அன்று டயாலிசிஸ் நாள். ஆட்டோ இல்லை, ஆம்புலன்ஸ் லைன் கிடைக்கவில்லை. மாமி மாடியேறி வந்து, "உன் வண்டி தண்ணியிலே போகும்னு சொல்லுவியேப்பா" என்றார். நான் சொன்னதுதான். மாமாவைத் தூக்கி உட்கார வைத்துக் கிளம்பினேன்.

இரண்டு தெரு கூடத் தாண்டவில்லை. எதிரே வந்த வேன் கிளப்பிய அலை பானெட் மேல் அடித்தது. இன்ஜின் ஒரு முறை இடித்து நின்றது. அப்போது செய்யக் கூடாத ஒன்றே ஒன்று உண்டு, அதைச் செய்தேன். சாவியைத் திருப்பினேன். மறுபடியும் திருப்பினேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. இருமிக்கொண்டு கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார். அந்த மௌனம் இன்னும் காதில் இருக்கிறது.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது ஒரு காலித் தண்ணி லாரி! டிரைவர் அண்ணன் இறங்கி வந்து மாமாவைக் குழந்தை மாதிரி அணைத்துக் கேபினில் ஏற்றிக்கொண்டார். மூன்று மணி நேரம் தாமதம், ஆனால் போய்ச் சேர்ந்தோம். போகும்போது கவனித்தேன். லாரிக்குக் காற்று போகும் குழாய் கேபினுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. அதை யாரும் ஸ்நார்க்கல் என்று சொல்லிப் பெருமைப்படுவதில்லை.

தண்ணீர் வடிந்ததும் மெக்கானிக் வந்தார். குழாயைத் தட்டிப் பார்த்தார், நகத்தால் நெம்பினார். கையோடு வந்துவிட்டது. "சார், இது ஒட்டினது. உள்ளே ஓட்டையே போடலையே!" இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். கடைக்காரரைக் கேட்டதற்கு, "ஷோவுக்குத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார். கடையின் பெயர் வேண்டாம். பானெட்டைத் திறந்து ஒரு தடவை பார்க்காத இன்ஜினீயரை விட்டுவிட்டு அவரைத் திட்டி என்ன?

தம்பிகளுக்குத் தெரிந்ததுதான். டீசல் இன்ஜினில் காற்றைப் பதினைந்து, பதினாறில் ஒரு பங்காக நசுக்குகிறோம். அந்த இடுக்கில் தண்ணீர் புகுந்தால் அது நசுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். எனக்கு இரண்டு ராடு வளைந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்தி வைத்து விசாரித்தேன். 28 அங்குல டயருக்குப் பதில் 31 போட்டிருந்தேன். மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 66ல் போயிருக்கிறேன். பிரேக்குக்கும் அந்த அளவு கூடுதல் பாரம். இவ்வளவுக்கும் அச்சு உயர்ந்தது ஒன்றரை அங்குலம்தான். கம்பி பம்பர் இன்னும் மோசம். மோதும்போது மடங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய முன்பகுதியை அது மடங்க விடாது. ஏர்பேக் உள்ள வண்டியில் அதன் உணர்வியையும் குழப்பும். குறுக்கே வரும் ஆளின் தொடையில் முதலில் படுவது அந்த இரும்புதான். 2017 டிசம்பரில் மத்திய அரசு இதைக் கழற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியபோது நானும் அலுத்துக்கொண்டவன். தயாரிப்பாளர் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷத் திருத்தச் சட்டத்தில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆகவே உண்மையான ஸ்நார்க்கல் வேண்டுமென்றாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள். 2020ல் வந்த தார் 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை போகும் என்று கம்பெனியே கணக்குக் கொடுத்தது. பலருக்கு அதுவே போதும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போனவர்கள் கை தூக்குங்கள். முதுகெலும்பு ஞாபகம் வருகிறதா? அந்தப் பாறை வழியில் தினமும் ஏறி இறங்கும் வண்டிகளில் பிழைப்புக்கு ஆகாத இரும்பு அதிகம் பார்க்க முடியாது.

அழகே கூடாது என்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. அந்தத் தண்ணி லாரியின் நெற்றியில் பூ வரைந்திருந்தது, எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. அந்தப் பூ தன்னைப் பூ என்றுதான் சொல்லிக்கொண்டது. என் குழாய் தன்னை மூக்கு என்று சொல்லிக்கொண்டது. அதை நம்பி ஒரு நோயாளியை ஏற்றினேன்.

இப்போது என் ஜீப்பில் பழைய அளவு டயர், பழைய பம்பர், சீட்டுக்கு அடியில் நல்ல இழுவைக் கயிறு. பானெட்டில் என் மகள் ஒட்டிய மயில் ஒன்று. மயிலாப்பூர்க்காரியாம், அதனால் மயில்!

வளைந்த ராடு இரண்டில் ஒன்றைத் துறைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். லேபில் ஜன்னலோர மேஜையில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகிற வழியில் கையில் எடுத்துப் பாருங்கள். கனமாக இருக்கும், காலில் போட்டுக்கொள்ளாதீர்கள்.