ஒலி எழுப்பாத பொன்



நிலத்தில் மறைந்திருந்த புதையலுக்காகத் தமக்குள்ளதையெல்லாம் விற்றவரைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நமக்குத் தெரியும் (மத் 13:44).

1980-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒருவர் மெட்டல் டிடெக்டரோடு நடந்தார். கருவி ஒலித்தது. தோண்டினால், ஏறக்குறைய ஓர் அடி ஆழத்திலேயே 27 கிலோ தங்கக்கட்டி! அதற்கு ‘நம்பிக்கையின் கரம்’ என்று பெயரிட்டார்கள். பின்னர் அமெரிக்கச் சூதாட்ட விடுதி ஒன்று அதை வாங்கிக் காட்சிக்கு வைத்தது.

நம் காவேரிப்பட்டினத்துக்கு அருகே, எல்லைக்கு அந்தப்புறம் உள்ள கோலார் தங்கவயலில் பொன் அப்படிக் கிடைக்கவில்லை. பாறைக்குள் பொடியாகக் கலந்திருந்த பொன்னுக்கு அந்தக் கருவி ஒலிக்காது. அன்றைய வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து போன நம்மவர்கள் பாறையை உடைத்தார்கள். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை போனது. ஒரு டன் கல்லை அரைத்தால் சில கிராம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பொன் வெளியே போனது. கல்தூசி பலருடைய நுரையீரலில் தங்கிவிட்டது.

அப்படி உழைத்து நம்மை வளர்த்த பெரியவர்கள் இன்று நம் வீட்டுத் திண்ணையில் இருமிக்கொண்டு இருக்கிறார்கள். செல்போன் ஒலித்தால் ஓடுகிறோம். அவர்கள் கூப்பிட்டால், “இதோ வர்றேன்” என்கிறோம், போவதில்லை.

இந்த வாரம் அரை மணி நேரம் அவர்களருகே அமர்வோம். காய்த்துப்போன அந்தக் கையைப் பிடித்துக்கொள்வோம். நமக்கு நம்பிக்கையின் கரம் அதுவே. சத்தமின்றிக் காத்திருக்கும் இந்தப் புதையலைக் கண்டுகொள்ளும் கண்களை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.