கூச்சம் வேண்டாம், அச்சமும் வேண்டாம்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த மாதர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



இளம் பெண்களின் மார்பில் தோன்றும் கட்டிகளைப் பற்றி இன்று பேசப்போகிறேன். சாமியாருக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் தலை குனிகிறீர்கள். முதலாம் நற்கருணை மன்றாட்டில் வரும் புனிதைகளின் வரிசையில் புனித ஆகத்தம்மாளின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 3ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த கன்னிகை. அவள் மார்பை அறுத்து வதைத்தார்கள் என்பது மரபு. ஆகவே மார்பக நோயால் வருந்துவோருக்கு அவளே பாதுகாவலி. திருச்சபை பீடத்தில் நினைவுகூரும் துன்பத்தை நாம் வீட்டில் வாய் திறந்து சொல்ல ஏன் கூச வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் மாதா கெபியருகே நின்று அழுதாள். மகளுக்கு வயது 19. குளிக்கும்போது ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. ஏழு மாதம் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்ன பிறகு தாயும் மூடி மறைத்தாள். "பெண் பார்க்க வருகிறார்கள் சுவாமி, வெளியே தெரிந்தால் என்ன ஆகும்?" என்றாள். மருத்துவரிடம் அனுப்பினேன். தீங்கற்ற கட்டி என்று தெரிந்தது. அந்தப் பெண் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவர்கள் சம்மதத்துடன்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொரு சகோதரியும் ஒளித்து வைத்தாள். அவளுடையது புற்றுநோய். காலம் கடந்துவிட்டது. அவளை நானே அடக்கம் செய்தேன். அதனால்தான் இன்று பேசுகிறேன்.

இளம் பெண்களுக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. 15 முதல் 35 வயதுக்குள் அதிகமாகக் காண்பது 'ஃபைப்ரோஅடினோமா' என்னும் கட்டி. பால் சுரப்பியும் நார்த் திசுவும் சேர்ந்து வளர்வது. வழவழப்பாக, ரப்பர் போல இருக்கும், பெரும்பாலும் வலிக்காது, தொட்டால் விரலுக்கடியில் நழுவி ஓடும். ஆகவே ஆங்கில மருத்துவர்கள் இதைச் சுண்டெலி என்றே சொல்வதுண்டு! பருவ வயதில் சுரக்கும் ஹார்மோனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இது பாவத்தின் தண்டனையும் அல்ல, கண்ணேறும் அல்ல, தொற்றுநோயும் அல்ல. திருமணத்துக்கோ பிள்ளைப் பேற்றுக்கோ தடையும் அல்ல. மாதவிலக்குக்கு முன் மார்பு கனத்து, முடிச்சு முடிச்சாக வலித்துப் பிறகு தணிவதும் பலருக்கு உண்டு. பாலூட்டும் தாய்க்குப் பால் கட்டி, சீழ் வைப்பதும் உண்டு. அதற்கு உடனே சிகிச்சை வேண்டும்.

ஆனால் எது தீங்கற்றது என்பதை நம் கைவிரல் தீர்மானிக்கக் கூடாது. மருத்துவர் தொட்டுப் பார்ப்பார், ஸ்கேன் எடுப்பார், தேவையானால் ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதிப்பார். இளம் பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியானதால், மாமோகிராமை விட ஸ்கேனே முதலில் உதவும். தீங்கற்றது என்று உறுதியானால், பெரும்பாலும் ஆபரேஷன் தேவையில்லை. மருத்துவர் சொல்லும் காலத்தில் மறுபடி காட்டினால் போதும். சில கட்டிகள் தாமே சுருங்கும். பெரிதாகி வந்தாலோ, ஐயம் இருந்தாலோ அகற்றுவார்கள்.

கட்டி கல் போல் கெட்டியாக, அசையாமல் இருந்தால், தோல் குழி விழுந்தால், காம்பு புதிதாக உள்ளிழுத்தால், இரத்தம் கசிந்தால், அக்குளில் கட்டி தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். பற்றுப் போட்டு மாதங்களைக் கடத்தாதீர்கள்.

சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசியுங்கள். நோயுற்றவன் செபிக்கவும் வேண்டும், மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் வேண்டும் என்று அது கற்பிக்கிறது. நவநாள் செபியுங்கள், அதே வாரம் மருத்துவரிடமும் போங்கள்.

தாய்மார்களே, மகள் தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வந்தால், அடுப்பு வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பெண் பார்க்கப் போகிறவர்களே, மருத்துவரிடம் போய் வந்த பெண்ணைக் குறை சொல்லாதீர்கள். தனியாகப் போகப் பயமானால் நம் கன்னியர் மடத்துச் சகோதரிகள் கூட வருவார்கள். நான் கேட்டிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார்கள்.

ஐம்பது ஆண்டு நிறைவுக்குக் கோயிலுக்கு வெள்ளையடித்தோம், கொடிமரம் புதுப்பித்தோம். பயத்தை ஒளித்து வைக்கும் பிள்ளை ஒருத்திகூட இந்தப் பங்கில் இல்லை என்றால், அதுவே நமக்குப் பொன்விழா.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!