ஓடுபாதை யார் கையில்? இன்ஜிர்லிக் தளமும் இறையாண்மை பற்றிய ஒரு வழக்கும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவு)

இவ்வறக்கட்டளையை நிறுவிய பெருமகனார் கேள்வி கேட்பதைக் கல்வியின் முதற்பயனாகக் கருதியவர். அந்த உரிமையோடு நேரே பொருளுக்கு வருகிறேன்.

1. வழக்கு

நட்பு நாட்டுப் படைகளுக்குத் தன் விமானத் தளத்தில் இடம் தரும் நாடு தன் இறையாண்மையை இழக்கிறதா? இந்தக் கேள்வியில் எனக்கும் என் துறை நண்பர்கள் சிலருக்கும் நெடுநாளாக வழக்கு இருப்பதை இந்த அவையில் பலர் அறிவர். இழக்கிறது என்பது அவர்கள் கட்சி. அந்நியப் படை வெளியேறும் நாளில்தான் இறையாண்மை மீளும் என்று அவர்கள் எழுதிவருகிறார்கள். நான் மறுக்கிறேன். பட்டா யார் பெயரில் என்று பார்க்கிறவர்கள் மடை யார் கையில் என்று பார்க்கத் தவறுகிறார்கள். தளத்தைப் பொறுத்தவரை மடை என்பது அனுமதி. அந்த அனுமதிக்குக் கெடு உண்டா, கெடு முடிந்ததும் அது மக்கள் மன்றத்துக்குத் திரும்பி வருகிறதா என்ற இரண்டையும் கேட்டாக வேண்டும். என் வாதம் முழுவதும் இவ்வளவே. இதற்குச் சான்றாகத் துருக்கியின் இன்ஜிர்லிக் தளத்தை விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

2. இன்ஜிர்லிக்

தென்துருக்கியில் அதானா நகரை அடுத்து இருக்கிறது இந்தத் தளம். அமெரிக்கத் தரைப்படையின் பொறியியல் பிரிவு 1951இல் கட்டுமானத்தைத் தொடங்கியது. துருக்கி நேட்டோவில் சேர்ந்தது 1952இல். கூட்டுப் பயன்பாட்டுக்கான உடன்படிக்கை 1954 டிசம்பரில் கையெழுத்தானது. முதலில் அதானா தளம் என்று வழங்கிய இடம் 1958இல் இன்றைய பெயரைப் பெற்றது. இன்றும் அங்கே துருக்கி விமானப்படையின் எரிபொருள் நிரப்பும் விமானங்களும் அமெரிக்க விமானப்படையின் ஒரு பிரிவும் ஒரே ஓடுபாதையைப் பயன்படுத்துகின்றன. தளத்தின் தலைமை துருக்கி அதிகாரியிடம் இருக்கிறது.

தொடக்க ஆண்டுகள் என் நண்பர்களின் கட்சிக்கே துணைநிற்கின்றன. 1950களின் பிற்பாதியில் யு-2 உளவு விமானங்கள் இங்கிருந்து இயங்கின. 1960 மே 1 அன்று சோவியத் மண்ணில் வீழ்த்தப்பட்ட யு-2 பெஷாவரிலிருந்து புறப்பட்டது. ஆனால் அதை ஓட்டிய பவர்ஸ் இன்ஜிர்லிக் பிரிவைச் சேர்ந்தவர். 1958இல் லெபனானுக்குச் சென்ற அமெரிக்கப் படைகளுக்கும் இத்தளமே வழியாயிற்று. அந்தக் காலத்து ஏற்பாடுகள் பல மக்கள் பார்வைக்கு வராமலே நடந்தன. இதை நான் மறைக்கவில்லை. என் வாதத்துக்கு இதுவே முதற்படி. கேட்க ஆளில்லாத அனுமதி கையைவிட்டுப் போன அனுமதிதான்.

அடுத்து வந்ததைப் பாருங்கள். சிதறிக் கிடந்த உடன்பாடுகள் 1969இல் ஒரே பாதுகாப்புக் கூட்டுறவு ஒப்பந்தத்துக்குள் கொண்டுவரப்பட்டன. 1973 அக்டோபர்ப் போரில் இஸ்ரேலுக்கு ஆயுதம் கொண்டுசெல்லத் தன் தளங்களைத் தர முடியாது என்றது துருக்கி. சைப்ரஸில் துருக்கிப் படை இறங்கியதைக் காரணம் காட்டி, 1975 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் ஆயுதத் தடை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் துருக்கி அந்த ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. அமெரிக்கா பயன்படுத்திவந்த நிலையங்களைத் தன் கட்டுப்பாட்டுக்குள் எடுத்து, இன்ஜிர்லிக்கில் நேட்டோ பணிகளை மட்டும் அனுமதித்தது. தடை 1978இல் நீங்கியது. புதிய ஒப்பந்தம் 1980 மார்ச்சில்தான் வந்தது. இத்தனை ஆண்டுகளில் ஒரு படையும் துரத்தப்படவில்லை, ஆனால் எது பறக்கலாம், எது கூடாது என்பதை அங்காரா தீர்மானித்தது.

1982இன் துருக்கி அரசியலமைப்பில் 92ஆம் பிரிவு ஒன்று உண்டு. அந்நியப் படை துருக்கியில் நிலைகொள்ள நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டும் என்கிறது அது. 1991 வளைகுடாப் போருக்குப் பின் வட ஈராக்கின் குர்து மக்களைக் காக்க இன்ஜிர்லிக்கிலிருந்து கூட்டணி விமானங்கள் ரோந்து பறந்தன. அந்த ரோந்து 2003 வரை நீடித்தது. அதற்கான அனுமதி ஆறு ஆறு மாதங்களாக நாடாளுமன்றத்தில் புதுப்பிக்கப்பட்டது. வல்லரசு ஒன்று ஆண்டுக்கு இருமுறை ஒரு மன்றத்தின் வாக்குக்குக் காத்திருந்தது. என் நண்பர்களின் நூல்களில் இந்த ஆறு மாதக் கெடுவுக்கு ஒரு பத்திகூட இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

பணத்துக்கு மசிகிற மன்றத்தின் வாக்குக்கு என்ன மதிப்பு என்று அவர்கள் கேட்கிறார்கள். விடை 2003 மார்ச் 1 அன்று கிடைத்தது. ஈராக்கின் மேல் வடக்கிலிருந்து படையெடுக்க 62,000 அமெரிக்க வீரர்களைத் துருக்கிக்குள் அனுமதிக்கும் தீர்மானம் அன்று வாக்குக்கு வந்தது. பல நூறு கோடி டாலர் உதவி பேசி முடிக்கப்பட்டிருந்தது. ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தது. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஆதரவே அதிகம். ஆயினும் அவையிலிருந்த 533 பேரில் பாதிக்கு மேல், அதாவது 267 வாக்கு, கிடைத்தால்தான் தீர்மானம் நிறைவேறும். மூன்று வாக்குகள் குறைந்தன. மத்தியதரைக் கடலில் கப்பல்களில் காத்திருந்த நான்காம் காலாட்படைப் பிரிவின் தளவாடங்கள் சூயஸ் வழியாகக் குவைத்துக்குத் திருப்பப்பட்டன. மூன்று வாரத்துக்குள் வான்வழிக்கு மட்டும் அதே மன்றம் தனியே அனுமதி தந்தது. எதைத் தருவது, எதை மறுப்பது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த மன்றம் அது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2016 ஜூலை ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்குப் பின் தளத்தின் துருக்கித் தலைமை அதிகாரியே கைதானார். வான்வெளி மூடப்பட்டது. வெளிமின்சாரம் சுமார் ஒரு வாரம் வராமல் தளம் ஜெனரேட்டரில் ஓடியது. மறு ஆண்டு, அங்கிருந்த தங்கள் வீரர்களைக் காண வர விரும்பிய ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் துருக்கி இசைவு தர மறுத்தது. ஜெர்மனி தன் விமானங்களை ஜோர்டானுக்கு மாற்றிக்கொண்டது. இடம் தருபவரின் கை ஓங்கும்போது அது நியாயமாகவே ஓங்கும் என்று நான் சொல்லவில்லை. கை அவருடையது என்பதே நான் நிறுவ வந்தது.

3. பிற நாடுகள்

நேரம் குறைவு. பிலிப்பைன்ஸை என் நண்பர்கள் வெளியேற்றத்தின் வெற்றியாகக் காட்டுவர். அங்கிருந்த கிளார்க், சூபிக் அமெரிக்கத் தளங்களுக்கான 1947 ஒப்பந்தம் 99 ஆண்டுக்கானது. 1966இல் அதை 25 ஆண்டாகக் குறைத்தார்கள். அதனால்தான் 1991இல் முடிவு மணிலாவின் மேலவைக்கு வந்தது. 12க்கு 11 என்ற வாக்கில் புதிய ஒப்பந்தம் வீழ்ந்தது. கெடுவைச் சுருக்கிய கையெழுத்தே அந்த வெற்றியின் வேர்.

இலங்கையில் 1947 உடன்பாட்டின்படி பிரிட்டனிடம் இருந்த திருகோணமலையும் கட்டுநாயக்கவும் பண்டாரநாயக்க அரசின் பேச்சுவார்த்தையால் 1957இல் மீண்டன. இந்தியப் பெருங்கடல் தீவான தியேகோ கார்சியாவின் கதை வேறு. அங்கே குடிமக்களையே அகற்றிவிட்டார்கள். அனுமதி கேட்கவும் மறுக்கவும் மக்கள் இல்லாத தளம் அது. என் நண்பர்களின் கோபம் முழுவதும் அங்கே பொருந்தும். நானும் அதில் சேர்கிறேன்.

4. இனிச் செய்ய வேண்டுவன

சுருக்கமாகச் சில. துருக்கி நாடாளுமன்றத்தின் ஆறுமாத விவாதங்களை முழுமையாகப் படித்து ஒருவர் ஆய்வேடு எழுத வேண்டும். கட்டுநாயக்க ஆவணங்களைத் தமிழும் சிங்களமும் அறிந்த ஆய்வாளர் ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். தளங்களில் வேலைசெய்யும் உள்ளூர்த் தொழிலாளர் நிலை தனி ஆய்வுக்குரியது. நம் அருகிலேயே, 2024 ஆகஸ்டில் சூலூர்த் தளத்தில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் கூட்டுப் பயிற்சிக்கு வந்தன. சில நாள் விருந்துக்கும் நெடுங்காலத் தங்கலுக்கும் இடையே சட்டம் எங்கே கோடு போடுகிறது என்பதை இளைஞர் யாரேனும் ஆராய வேண்டும். ஒப்பந்தங்களைக் கையில் எடுக்கும்போது முதல் பக்கத்து முகவுரையோடு நின்றுவிடாமல், காலமும் முடிவும் பேசும் கடைசி விதிகளைப் படியுங்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.