ஒரு மீட்டர் ஓட்டுச்சீட்டு: அந்தக் கோட்டுக்கு மேல என்ன இருந்தது?

இந்த வாரம் ஒரு யூஐ டிசைன் கதை. ஆனா இதுல ஸ்கிரீனே கிடையாது, முழுக்க பேப்பர். ஆஸ்திரேலியாவோட செனட் தேர்தல் ஓட்டுச்சீட்டு பத்திப் பேசப்போறோம்.

நிறைய பேர் நிக்கிற தேர்தல் நமக்குப் புதுசு இல்ல. 1996-ல மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில 1,033 பேர் போட்டியிட்டாங்க. ஓட்டுச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியதாச்சு. ஆனா வாக்காளரோட வேலை என்ன? வேண்டிய சின்னத்தைத் தேடிப் பிடிச்சு ஒரு முத்திரை குத்தணும். அவ்வளவுதான்.

செனட்ல வேலை அதிகம். அங்க 1, 2, 3-னு விருப்ப வரிசை எழுதணும். நீங்க 1 போட்டவர் போட்டியிலிருந்து வெளியேறிட்டா, உங்க ஓட்டு 2 போட்டவருக்கு நகரும். 1984-க்கு முன்னாடி எல்லா வேட்பாளருக்கும் நம்பர் எழுதியே ஆகணும். 1974-ல நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துல மட்டும் 73 பேர் நின்னாங்க. 73 நம்பரையும் விடாம, திரும்ப வராம எழுதணும். 1983 தேர்தல்ல நாடு முழுக்க 100 செனட் ஓட்டுல சுமார் 10 செல்லாததா போச்சு.

1984-ல ஒரு தீர்வு வந்தது. சீட்டுல குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழ எல்லா வேட்பாளர் பெயரும் இருக்கும். மேல ஒவ்வொரு கட்சிக் குழுவுக்கும் ஒரே ஒரு கட்டம். அதுல ஒண்ணுல 1 போட்டா போதும். செல்லாத ஓட்டு 5 சதவீதத்துக்குக் கீழ இறங்கிடுச்சு.

ஆனா ஒரு பக்கவிளைவும் வந்தது. அதே நாள்ல கீழவைக்கும் தேர்தல், அதுக்குத் தனிச் சீட்டு. அதுல பழைய மாதிரி எல்லா நம்பரும் எழுதணும். "1 போட்டா போதும்"னு கேள்விப்பட்ட நிறைய பேர் அந்தச் சீட்டுலயும் 1 மட்டும் போட்டுட்டு வந்துட்டாங்க. அங்க சுமார் 2 சதவீதமா இருந்த செல்லாத ஓட்டு 6 சதவீதத்தைத் தாண்டிடுச்சு. ஒரு ஃபார்ம்ல ஷார்ட்கட் வெச்சா, பக்கத்து ஃபார்ம் உடையும்.

சரி, நீங்க 1 மட்டும் போட்டா மீதி வரிசையை யார் நிரப்புறாங்க? அந்தக் கட்சி. தேர்தல் ஆணையத்துல முன்கூட்டியே கொடுத்த ஒரு பட்டியல்படி உங்க ஓட்டு அடுத்தடுத்து நகரும். நம்ம பாஷையில சொன்னா ஆட்டோஃபில். பட்டியலை யார் வேணும்னாலும் பார்க்கலாம். ஆனா 95 சதவீதத்துக்கும் மேலான வாக்காளர்கள் கோட்டுக்கு மேலதான் ஓட்டு போட்டாங்க. டிஃபால்ட்டை யார் எழுதுறாங்களோ அவங்க கையில நிறைய அதிகாரம்.

அதைப் புரிஞ்சுக்கிட்டவங்க சின்னச் சின்னக் கட்சிகளா ஆரம்பிச்சு, ஓட்டை ஒருத்தருக்கொருத்தர் கைமாத்துற ஒப்பந்தம் போட்டாங்க. இதே முறை இருந்த நியூ சவுத் வேல்ஸ் மாநில மேலவைத் தேர்தல்ல, 1999-ல 264 வேட்பாளர்கள். சீட்டோட அளவு சுமார் 1 மீட்டருக்கு 70 சென்டிமீட்டர். மக்கள் அதுக்கு வெச்ச பேரு 'மேஜை விரிப்பு'. அந்த மாநிலம் இந்த முறையைக் கைவிட்டுச்சு, ஆனா செனட்ல தொடர்ந்தது.

2013-ல செனட்டுக்கும் அதே நிலைமை. நியூ சவுத் வேல்ஸ்ல 110 வேட்பாளர்கள், சீட்டு ஒரு மீட்டரைத் தாண்டுது. அதுக்கு மேல அகலமா அச்சடிக்க முடியலைன்னு எழுத்தைச் சின்னதாக்கினாங்க. வாக்குச்சாவடியில பூதக்கண்ணாடித் தகடு கொடுத்தாங்க! அந்தச் சீட்டுல முதல் இடம் குலுக்கல்ல லிபரல் டெமாக்ரட்ஸ்ங்கிற சின்னக் கட்சிக்குக் கிடைச்சது. பெரிய கட்சியான லிபரல் கட்சி பெயர் ரொம்பத் தள்ளி இருந்தது. சின்னக் கட்சிக்கு 9.5 சதவீத ஓட்டு, ஒரு சீட். பெயர்க் குழப்பமும் ஒரு காரணம்னு ஜெயிச்ச டேவிட் லயன்ஹெல்மே ஒத்துக்கிட்டார்.

விக்டோரியால கார் பிரியர்கள் கட்சியோட ரிக்கி மூயர் வெறும் 0.51 சதவீத முதல் விருப்ப ஓட்டோட செனட்டர் ஆனார். ஒரு இடத்துக்குத் தேவை 14 சதவீதத்துக்கும் மேல. மீதியெல்லாம் பெரும்பாலும் மத்த கட்சிகளோட பட்டியல் வழியா வந்தது. அவர் எந்தச் சட்டத்தையும் மீறல. ஆனா தன்னோட ஓட்டு அவர்கிட்டதான் போய் நிக்கும்னு எத்தனை வாக்காளருக்குத் தெரிஞ்சிருக்கும்?

2016-ல கட்சிப் பட்டியலை ஒழிச்சாங்க. கோடு அப்படியே இருந்தது. ஆனா இப்ப மேல குறைஞ்சது 6 குழுக்களுக்கு நீங்களே நம்பர் போடணும், இல்லைன்னா கீழ 12 பேருக்கு. பழக்கதோஷத்துல மேல 1 மட்டும் போட்டாலும் ஓட்டு செல்லும். நீங்க நம்பர் போட்ட எல்லாரும் வெளியேறிட்டா உங்க ஓட்டு அத்தோட நிக்கும், வேற யாரும் அதை எடுத்து நகர்த்த முடியாது. கட்சி லோகோவும் சீட்டுல வந்தது. இவ்வளவு மாத்தியும் செல்லாத ஓட்டு 4 சதவீதத்துக்குள்ளதான் இருந்தது.

கவனிங்க, சீட்டு சின்னதாகல. 2016-ல நியூ சவுத் வேல்ஸ்ல 151 வேட்பாளர்கள். நீளமான சீட்டு ஒரு தொல்லைதான், ஆனா ஜனநாயகத்துக்கு அதைவிடப் பெரிய ஆபத்து, நாம காலியா விட்ட கட்டத்தை நமக்குத் தெரியாம இன்னொருத்தர் நிரப்புறது. ஃபார்ம் டிசைன் பண்ற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க: பயனரோட வேலையைக் குறைக்கிறப்போ, அவரோட முடிவையும் சேர்த்து எடுத்துடுறோமா?

உங்க கருத்தை எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.