கடலைக் கேட்கும் செவி

பொரளைச் சந்தியிலே நின்று பார்ப்பவருக்குக் கடல் தெரியாது. எத்திசை நோக்கினும் பேருந்துகளும் கடைகளும் மாடிவீடுகளுமே தெரியும். துறைமுகம் வடமேற்கே சில கிலோமீற்றர் தொலைவில் இருக்கின்றது. ஆயினும், அச்சந்திக்கு அருகே ஒரு மாடிவீட்டின் உச்சியில் முழநீளக் கம்பியொன்றை நட்டு, அதனோடு சிறு கருவியொன்றை இணைத்துவிட்டால், வீட்டினுள் இருந்தவாறே, இன்ன கப்பல் இன்ன இடத்தில் இவ்வளவு வேகத்தில் வருகின்றது என்று ஒருவர் சொல்லிவிடலாம். இது மந்திரமுமன்று; சோதிடமுமன்று. கப்பல்கள் தம்மைப் பற்றித் தாமே ஓயாது சொல்லிக்கொண்டிருக்கின்றன. கேட்கத் தெரிந்தவருக்கு அது கேட்கின்றது.

கப்பலின் வானொலிக்கும் பொரளை வட்டாரத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்றையதன்று. 1920களின் தொடக்கத்தில் இலங்கைத் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராயிருந்தவர் எட்வேர்ட் ஹாப்பர். முதலாம் உலகப் போரிற் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு, திணைக்களப் பொறியியலாளர் ஓர் ஒலிபரப்பியை அமைத்தனர். அதன்மூலம் இசைத்தட்டுகளைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினர். பின்னர், 1925 டிசம்பர் 16ஆம் திகதி, பொரளைக்கு அயலிலுள்ள வெலிக்கடையிலிருந்து கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கிற்று. அழிவுத் தொழிலுக்கென்று கடலடியிற் சென்ற கலத்தின் கருவி, கரையேறி மக்களுக்குப் பாட்டிசைத்தது. ஒரு நூற்றாண்டின் பின், அதே வட்டாரத்துக் கூரைகள் கப்பலின் குரலைக் கேட்கும் செவிகளாகவும் அமையக்கூடும்.

கப்பல்கள் எதற்காகப் பேசுகின்றன? 1912ஆம் ஆண்டு தைத்தானிக் கப்பல் மூழ்கிய இரவிலே, அருகே நின்ற கலிபோர்னியன் என்னும் கப்பலில் இருந்த ஒரே வானொலியாளர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றிருந்தார். தொலைவிற் சென்றுகொண்டிருந்த கார்பேதியாவின் வானொலியாளர் செவியில் அபயக்குரல் விழுந்தது. எழுநூறுக்கு மேற்பட்டோர் பிழைத்தது அச்செவியினாலேயே. அத்துயரின் விளைவாக, 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை உருவாயிற்று. பலமுறை திருத்தப்பெற்று இன்றும் நின்று நிலவும் அவ்வுடன்படிக்கையின் கீழ்த்தான், கப்பல்களின் தன்னியக்க அடையாள முறை கட்டாயமாயிற்று. ஏ. ஐ. எஸ். என மூன்றெழுத்தால் அதனைக் குறிப்பர். சர்வதேசப் பயணஞ் செய்யும் 300 தொன் கொள்ளளவும் அதற்கு மேலுமுள்ள கப்பல்களும், பயணிகள் கப்பல்கள் யாவும், 2004ஆம் ஆண்டின் இறுதிக்குள் இக்கருவியைப் பொருத்துதல் வேண்டுமென விதிக்கப்பட்டது.

இக்கருவி சொல்லும் செய்தி சுருக்கமானது. முதலிற் கப்பலுக்குரிய ஒன்பது இலக்க எண். அவ்வெண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் காட்டும். 417 என்றால் இலங்கை. 419 என்றால் இந்தியா. பின்னர் அகலாங்கு, நெட்டாங்கு, வேகம், செல்லுந் திசை. ஓடும் கப்பல் தன் வேகத்துக்கு ஏற்ப இரண்டு விநாடி முதற் பத்து விநாடிக்கு ஒருமுறை இவற்றைச் சொல்லும். நங்கூரமிட்டு நிற்பதாயின் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னாற் போதும். பெயர், நீளம், அகலம், சேருந் துறை ஆகியவற்றை ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை அறிவிக்கும்.

இத்தனை கப்பல்களும் 161.975 மெகாஹேட்ஸ், 162.025 மெகாஹேட்ஸ் என்னும் இரண்டே மீடிறன்களிற் பேசுகின்றன. அங்ஙனமாயின் ஒன்றின் பேச்சை மற்றொன்று குழப்பிவிடாதா? யாழ்ப்பாணத்திலே பங்குக் கிணற்றில் முறைவைத்து நீரிறைக்கும் வழக்கத்தை அறிந்தவர்க்கு இதன் விடை எளிது. ஒவ்வொரு மீடிறனிலும் ஒரு நிமிடத்தை 2,250 கூறுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கூறு என்பது ஒரு விநாடியின் நாற்பதில் ஒரு பங்கினுஞ் சற்றே கூடிய நேரம். செயற்கைக் கோள்கள் தரும் நேரத்தைக் கொண்டு எல்லாக் கப்பல்களும் கடிகாரத்தைச் சரிசெய்து கொள்கின்றன. தன் முறை வந்ததும் ஒரு கப்பல் பேசும். அடுத்த முறை எந்தக் கூற்றிற் பேசுவேன் என்பதையும் உடன் சொல்லிவைக்கும். கேட்ட ஏனைய கப்பல்கள் அக்கூற்றை விட்டு ஒதுங்கும். தலைவன் ஒருவன் நின்று கட்டளையிடாமலே ஒழுங்கு நிலைபெறுகின்றது.

இனி, கேட்பவர் பக்கம் வருவோம். முன்னாளில் இத்தகைய ஏற்பிகள் விலையுயர்ந்தவை. 2012ஆம் ஆண்டளவில், கணினியிற் செருகித் தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று விற்கப்பட்ட விரலளவான மலிவுக் கருவியொன்று பல்வேறு மீடிறன்களைக் கேட்கவல்லது என்பதை வானொலி ஆர்வலர் கண்டறிந்தனர். அது முதல் மாணவருக்கும் இக்கலை எட்டுவதாயிற்று. ஏரியலும் எளிதே. 162 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 185 சென்ரிமீற்றர். அதிற் காற்பங்கு 46 சென்ரிமீற்றர். அதாவது ஒரு முழம். செங்குத்தாக நிறுத்திய முழக்கம்பியும், அதன் அடியிலே சரிந்து விரியும் சில கம்பிகளுமே போதும்.

ஏரியலில் விழுவது பேச்சன்று; இரைச்சல் போன்ற துடிப்பு. விநாடிக்கு 9,600 என்ற கணக்கில் 0, 1 என்னும் இரண்டு குறிகளே வந்து கொட்டுகின்றன. கணினி அவற்றை ஆறாறாகச் சேர்த்து எழுத்துகளாக்கும். இடத்தைச் சொல்லும் செய்தி 168 குறிகள் கொண்டது. ஆகவே 28 எழுத்துகள். அவ்வெழுத்துகளைப் பார்த்தால் பொருளற்ற கிறுக்கல் போலத் தோன்றும். எத்தனையாவது குறி முதல் எத்தனையாவது குறி வரை எப்பொருள் என்ற விதியை அறிந்து பிரித்தால், அக்கிறுக்கலிலிருந்து ஒரு கப்பல் எழுந்து வரும். செய்தியின் ஈற்றிலே சரிபார்க்கும் எண் ஒன்று உண்டு. கணக்கு ஒத்துவராவிடின் கருவி ஊகித்து நிரப்புவதில்லை. செய்தி முழுவதையும் தள்ளிவிடும். ஐயமான ஒன்றை உண்மையெனச் சொல்வதினும் சொல்லாதிருப்பதே நன்று என்னும் இவ்வொழுக்கம் மனிதருக்கும் உகந்ததே.

எவ்வளவு தூரங் கேட்கும்? இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்பவை. பூமியின் வளைவு அவற்றை மறைக்கும். இரு ஏரியல்களின் உயரங்களையும் மீற்றரில் எடுத்து, வர்க்கமூலங் கண்டு, இரண்டையுங் கூட்டி 2.2ஆற் பெருக்கினாற் கடல் மைல் கணக்குக் கிடைக்கும். கூரை 16 மீற்றர், கப்பலின் ஏரியல் 36 மீற்றர் எனக் கொண்டால், நான்கும் ஆறும் பத்து. ஆகவே 22 கடல் மைல். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பல்கள் இவ்வெல்லைக்குள் அடங்கும். தெவிநுவரை முனைக்குத் தெற்கே கிழக்கும் மேற்கும் செல்லும் பெரும் கப்பற் பாதை அடங்காது. மேற்கே உயர்ந்து நிற்கும் கட்டடங்கள் இவ்வெல்லையையும் குறுக்கும். காற்றின் வெப்பமும் ஈரமும் ஒருவகையாக அடுக்கமையும் நாள்களில், அலைகள் வளைந்து சென்று நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கப்பல்களையும் கேட்கச் செய்யும்.

இச்செய்திகள் எத்துணைப் பயனுடையன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2024 மார்ச் 26ஆம் திகதி, அமெரிக்காவின் போல்ற்றிமோர் துறையிலிருந்து கொழும்பை நோக்கிப் புறப்பட்ட டாலி என்னுங் கப்பல், மின்சாரமிழந்து ஒரு பாலத்தின் தூணில் மோதிற்று. பாலம் வீழ்ந்து, அதன்மேற் பணிசெய்த ஆறு தொழிலாளர் மாண்டனர். கப்பல் எவ்விடத்தில் வழி விலகிற்று என்பதை அதன் அடையாளச் செய்திகள் உலகுக்கு விரைவிற் காட்டிவிட்டன.

அச்செய்திகளின் குறைபாட்டுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. அது கொழும்பு வாசலிலேயே நிகழ்ந்தது. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கொள்கலன் கப்பல் வந்து, துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ ஒன்பதரைக் கடல் மைல் தொலைவில் நின்றது. 1,486 கொள்கலன்கள் அதில் இருந்தன. அவற்றுள் ஒன்றிலிருந்து நைத்திரிக் அமிலம் கசிந்துகொண்டிருந்தது. மே 20ஆம் திகதி தீ மூண்டது; ஜூன் 2ஆம் திகதி கப்பல் தாழத் தொடங்கிற்று. பிளாஸ்டிக் மணிகள் கோடிக்கணக்கிற் கரையொதுங்கின; மீனவர் கடலுக்குச் செல்ல முடியாது தவித்தனர். தீ மூளுமுன் ஒரு கூரைமேற் கருவி அக்கப்பலின் செய்தியைக் கேட்டிருந்தால் என்ன அறிந்திருக்கும்? பெயர், எண், நிற்குமிடம். அவ்வளவே. உள்ளே ஒரு கொள்கலன் கசிகின்றது என்று சொல்ல அச்செய்தியில் இடமேயில்லை.

இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. கணினித் திரையிலே கடற்படம் விரிந்து கப்பல்கள் சிறு அம்புகளாக நகரும்போது, கடல் முழுவதும் கண்முன் வந்துவிட்டதாக ஒரு மயக்கம் தோன்றும். உண்மையில் அப்படம் பேசுவோரை மட்டுமே காட்டும். முகத்துவாரத்திலிருந்து வைகறையிற் புறப்படும் சிறு மீன்பிடிப் படகுக்குச் சர்வதேச விதி இக்கருவியைக் கட்டாயமாக்கவில்லை. ஆழ்கடலிற் பலநாள் தங்கி மீன்பிடிக்கும் இலங்கைப் படகுகளிற் பொருத்தப்படும் கண்காணிப்புக் கருவிகள் செயற்கைக் கோள்வழியாக மீன்பிடித் திணைக்களத்துக்குச் செய்தி அனுப்புவன. எதிரே வரும் பெருங்கப்பலின் மேடைக்கு அச்செய்தி போய்ச் சேராது. கண்ணாடியிழைப் படகு ரேடாரிலுந் தெளிவாகத் தோன்றுவதில்லை. பிள்ளைகளை வீட்டில் விட்டு வலையோடு போன நால்வர் ஐவர் அப்படகில் இருப்பர்; திரையில் அவ்விடம் வெறும் நீலமாகவே இருக்கும். ஆகவே, "கேட்கவில்லை" என்பதும் "அங்கே இல்லை" என்பதும் ஒன்றல்ல என்பதே இப்பொழுதுபோக்கு கற்பிக்கும் தலையாய பாடம்.

பேசுவோர் சொல்வதெல்லாம் மெய்யுமன்று. சேருந் துறையின் பெயரைக் கப்பலிலுள்ளோர் கையால் எழுதுகின்றனர். மாற்ற மறந்தால் சென்ற மாதத்துத் துறையே நிற்கும். ஆபத்து அஞ்சப்படுமிடத்துக் கருவியை நிறுத்திவைக்கக் கப்பற்றலைவருக்கு இடமளிக்கப்பட்டிருக்கின்றது. 2023இன் இறுதியில் செங்கடலிற் கப்பல்கள் தாக்கப்பட்ட காலத்திற் பல கப்பல்கள் அவ்வாறு மௌனமாயின. ஒளிந்து தொழில் செய்வோரும் அதே மௌனத்தை மேற்கொள்வதுண்டு. கப்பல்களின் இடத்தை ஊரறியப் பறைசாற்றுவது அவற்றின் பாதுகாப்புக்குக் கேடாகலாம் எனச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2004ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருக்கின்றது. ஆதலால், கேட்பவருக்குக் கட்டுப்பாடு வேண்டும். வானொலிக் கருவிகளுக்கான விதிகளை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவிடம் முதலிற் கேட்டறிதல் முறையாகும். கப்பல்களுக்குரிய மீடிறன்களிற் பொழுதுபோக்கு வானொலியாளர் குரல் கொடுக்கலாகாது. அவருக்கு உரியது கேட்பது மட்டுமே.

கேட்பது மட்டுமா என்று அதனைத் தாழ்வாக எண்ணவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை தென்கரையைச் சிதைத்துத் தொலைபேசிகள் ஊமையானபோது, அம்பாந்தோட்டையையும் கொழும்பையும் இணைத்தவர்கள் இத்தகைய பொழுதுபோக்கு வானொலியாளர்களே. அந்நாளில் அவர்களுக்கு உதவியது, ஆண்டுக்கணக்கில் யாருங் கேளாத நேரத்திலுஞ் செவியைத் தீட்டிப் பழகிய பொறுமை. பொரளையில் ஒரு மாணவன் மாடியேறி முழக்கம்பியை நடுவானாயின், அப்பொறுமையின் முதற்பாடத்தை அவன் தொடங்குகின்றான். திரையிலுள்ள கப்பல்களை அவன் எண்ணிப் பழகட்டும். எண்ணி முடித்தபின், திரையிலே தோன்றாத படகுகளையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.