பல் சுத்தியும் ஆன்டிபயாடிக் மாத்திரையும்

(செம்பரம்பாக்கத்தில் கூடிய நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



யாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் அற்பமெனத் தோன்றலாம். பல் வைத்தியரிடம் சென்று பற்காறையை நீக்கிக்கொள்ளுமுன் ஆன்டிபயாடிக் மாத்திரை உட்கொள்ள வேண்டுமா என்பதே அது. ஆயினும், சமீபத்தில் நம்மவர் குடும்பங்கள் இரண்டில் நிகழ்ந்ததைக் கேட்பீர்களாயின் அதன் முக்கியம் விளங்கும்.

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர், தமையனாரின் காய்ச்சலுக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரைகளை விழுங்கிவிட்டுப் பல் சுத்தி செய்துகொள்ளப் போனார். அவர் தேகத்தில் யாதொரு நோயுமில்லை. அதே மாதத்தில், ஹிருதய வால்வு மாற்றப்பெற்ற மூதாட்டியார் ஒருவர், நோய் ஏதேனும் உண்டோவென வினவிய பல் வைத்தியரிடம் ஒன்றுமில்லையென்று சொல்லி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மார்புத் தழும்புக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தமென்று எண்ணினார் போலும். உடன் சென்ற மருமகள் உண்மையைச் சொல்லவே, வைத்தியர் கையிலெடுத்த கருவியைக் கீழே வைத்தார். வேண்டாதவர் விழுங்கினார், வேண்டியவர் விழுங்காதிருந்தார்.

காறையைச் சுரண்டுங்கால் ஈற்றில் ரத்தங் கசியும். அவ்வழியே வாயிலுள்ள கிருமிகள் சில ரத்தத்திற் புகும். ஆரோக்கியமுள்ள தேகம் அவற்றைச் சிறிது நேரத்தில் அழித்துவிடும். செயற்கை வால்வு உள்ளவர்க்கோ, அவை அங்கே ஒட்டிப் பெருகி, உயிருக்கே அபாயம் விளைக்கும் அழற்சியை உண்டாக்கக் கூடும். இதுபற்றியே அமெரிக்க ஹிருதய சங்கத்தார் 1955-ல் முன்காப்பு மருந்தை விதித்தனர். பின்னர், தினந்தோறும் பல் துலக்குவதிலும் உணவு மெல்லுவதிலுமே கிருமிகள் ரத்தத்திற் சேர்கின்றன என்று கண்டு, 2007-ல் அவ்விதியைச் சிலருக்கு மட்டுமே சுருக்கினர். 2021-லும் அவ்வாறே உறுதி செய்தனர். செயற்கை வால்வு பெற்றோர், முன்னமே இவ்வழற்சி கண்டு பிழைத்தோர், பிறவியிலேயே சிலவகை ஹிருதயக் கோளாறுடையோர், மாற்று ஹிருதயம் பெற்று அதன் வால்விற் பழுதுடையோர் ஆகியோரே அவர்கள். ஸ்டென்ட் வைத்தவர்க்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்க்கும் அதன் பொருட்டே மாத்திரை வேண்டுவதில்லை. முழங்கால் மூட்டு மாற்றினோர்க்கும் பொதுவில் அவசியமில்லையென அமெரிக்கப் பல் வைத்திய சங்கத்தார் 2015-ல் கூறினர். ருமாட்டிக் நோயால் வால்வு பழுதுற்று, இன்னும் மாற்றப்பெறாதோர் தத்தம் ஹிருதய வைத்தியரைக் கேட்டு நடப்பாராக.

நிற்க. விழுங்கினால் நஷ்டமென்ன என்று சிலர் வினவுவர். பேதியும் தடிப்பும் ஒருபுறமிருக்க, பெனிசிலின் ஒவ்வாதவர்க்கு உயிராபத்தே நேரலாம். அன்றியும், அடிக்கடி மருந்து கண்ட கிருமிகள் அதற்கு அடங்காமற் போகின்றன. பெரிய மருந்துகளுக்கும் மசியாத என்.டி.எம்.-1 வகைக் கிருமிகள் 44, நமது சென்னையிலிருந்தே எடுக்கப்பட்டனவாக 2010-ல் லான்செட் பத்திரிகை வெளியிட்டது. 2012-ல் வைத்தியர்கள் கூடிச் சென்னைப் பிரகடனம் செய்ததும் இவ்வபாயம் குறித்தே. மாத்திரை அட்டையில் செங்கோடு கண்டால், வைத்தியர் சீட்டின்றி அதைத் தொடலாகாது.

மாத்திரையை நம்பிச் சுத்தத்தை மறப்பாரும் உளர். 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் வைத்திய நிலையத்திற்குச் சென்றோருள் 8 பேர், மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோயால் மாண்டனர். உப்பு நீர்ப் புட்டியைச் சுத்தமற்ற கருவியாற் திறந்து, மீதியை மூடி வைத்து மீண்டும் வழங்கியதே காரணமென ஆராய்ந்தோர் 2025-ல் எழுதினர். அக்கிருமி அமாக்சிசிலினுக்கு அடங்குவதன்று. ஆதலால் கருவிகளைக் கொதிகலத்தில் இட்டெடுத்தீர்களா, புதிய புட்டி திறந்தீர்களா என்று வைத்தியரைக் கேட்பதற்கு நம்மவர் கூசவேண்டுவதில்லை. நல்ல வைத்தியர் கோபியார்.

அம்மூதாட்டியார், தம் ஹிருதய வைத்தியரின் கடிதம் பெற்று, அவர் விதித்தபடி 2 கிராம் அமாக்சிசிலினை ஒரே வேளையாக, ஒரு மணி நேரம் முன்பு உட்கொண்டு, மறுவாரம் பல் சுத்தி செய்துகொண்டார். இச்சபையிலேதான் அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லலாகாதென்பது அவர் கட்டளை.