மெல்ல வளரும் மருள்

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கோயில் காடுகளில், புதர்களின் அடியில், தரையிலிருந்து வாள் போல நிமிர்ந்து நிற்கும் தடித்த இலைகளைப் பார்த்திருப்பீர்கள். பச்சையில் கரும்பச்சை வரி ஓடும். அதுதான் மருள். அந்தக் காலத்தில் அதன் நாரைத் திரித்து வில்லுக்கு நாண் கட்டினார்கள். நர்சரியில் ‘ஸ்நேக் பிளான்ட்’ என்று விற்பது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அதன் உறவுச் செடி. வளர்க்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

வாங்கி வைத்தவர்கள் பலருக்கும் ஒரே கவலை: செடி வளரவே இல்லையே! கவலை வேண்டாம். வெயில் நேரத்தில் மருள் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துச் சேமிக்கிறது. ஈரம் வீணாகாது, ஆனால் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். வறண்ட மண்ணில் பிழைக்க மருள் கண்ட வழி இது.

இது தெரியாமல், சீக்கிரம் வளரட்டும் என்று தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். மருள் சாவது பெரும்பாலும் இதனால்தான். மண்ணுக்கடியில் கிடக்கும் கிழங்குத்தண்டு அழுகி, இலை அடியில் கொழகொழத்துச் சாய்ந்துவிடும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். அடிவரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடுங்கள்.

அடியில் துளையுள்ள மண்தொட்டி நல்லது. செம்மண்ணும் ஆற்றுமணலும் சரிபாதி, கொஞ்சம் மக்கிய எரு, இது போதும். காலை வெயில் படும் திண்ணை ஏற்ற இடம். நிழலில் இருந்த செடியைத் திடீரென்று சித்திரை வெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும். நாய், பூனை கடித்தால் வாந்தி வரும். அவற்றுக்கு எட்டாமல் வையுங்கள்.

இலையைத் துண்டாக்கி, வெட்டுவாய் காய்ந்தபின் நட்டாலும் வேர் பிடிக்கும். மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். மஞ்சள் ஓரமுள்ள வகையை இலையிலிருந்து வளர்த்தால் அந்த மஞ்சள் வராது. அதற்குப் பக்கக்கன்றைப் பிரித்து நடுவதே வழி.

ஒரு வேண்டுகோள். கோயில் காட்டில் குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது என்பது நம் ஊர்க் கட்டுப்பாடு. அங்கிருந்து மருளைப் பிடுங்காதீர்கள். மெதுவாக வளர்வது, மீண்டும் தழைக்கவும் நாளாகும். வளர்த்திருப்பவர் வீட்டில் ஒரு கன்று கேட்டு வாங்குங்கள். உங்கள் தொட்டி நிறையும்போது நீங்களும் ஒருவருக்குக் கொடுங்கள்.